அமுக்கரா: வேருக்குத்தான் மதிப்பு, இலைக்கு அல்ல

மனப்பதற்றம், தூக்கமின்மைக்கு என்று விற்கப்படும் மாத்திரைகளிலும் பொடிகளிலும் அசுவகந்தா என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். அது நம் ஊர் அமுக்கராதான். குறைந்த தண்ணீரில் வரும் பயிர் என்பதால், செம்மண் நிலம் வைத்திருப்பவர்கள் பலர் இதைப் பயிரிடலாமா என்று கேட்கிறார்கள். பயிரிடுபவர், வாங்கிச் சாப்பிடுபவர் இருவருக்கும் ஒரே எச்சரிக்கைதான்: வேரோடு இலை கலக்கக்கூடாது.

ஆய்வு சொல்வது என்ன?

2012ல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், மன அழுத்தம் உள்ள 64 பேர் இரண்டு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு வேர்ச்சாறு 300 மில்லிகிராம் வீதம் தினமும் இரண்டு வேளை, 60 நாட்களுக்குக் கொடுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு மருந்தில்லாத மாத்திரை. வேர்ச்சாறு சாப்பிட்டவர்களிடம் மன அழுத்தமும், அதைக் காட்டும் கார்டிசால் ஹார்மோனும் அதிகம் குறைந்திருந்தன. அதன்பின் வந்த பல ஆய்வுகளும் ஓரளவு பலன் இருப்பதாகவே சொல்கின்றன. ஆனால் பெரும்பாலானவை சில வாரங்கள் மட்டுமே நடந்த சிறிய ஆய்வுகள். ஆண்டுக்கணக்கில் சாப்பிடலாம் என்பதற்கு அவை ஆதாரமாகாது.

இலையில் என்ன சிக்கல்?

செல்களைப் பாதிக்கக்கூடிய விதாஃபெரின்-ஏ என்ற பொருள் வேரைவிட இலையில் அதிகம். அமுக்கரா இலையைத் தயாரிப்புகளில் சேர்க்க வேண்டாம் என்று 2021ல் மத்திய ஆயுஷ் அமைச்சகம் உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது. அப்படியும் இலை, தண்டு கலப்படம் நடக்கிறது. காரணம் எளிது. ஏக்கருக்கு உலர்ந்த வேர் பெரும்பாலும் 200 கிலோவுக்குள்தான் கிடைக்கும்; இலையோ மலிவு.

காவா விவசாயிகள் பட்ட பாடு

மிளகுக் குடும்பத்தைச் சேர்ந்த காவா, பசிபிக் தீவுகளான வனுவாட்டு, ஃபிஜி, டோங்காவில் விளைகிறது. அதன் வேரைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது அங்கே மரபு. ஐரோப்பாவில் பதற்றத்துக்கு மாத்திரையாக நன்றாக விற்றது. கல்லீரல் பாதிப்புப் புகார்கள் எழவே, 2002ல் ஜெர்மனி தடை விதித்தது. தண்டின் தோல் கலந்ததும், குடிக்க உகந்ததல்லாத ரகங்கள் சேர்ந்ததும் காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. 2014ல் ஜெர்மன் நீதிமன்றம் தடை செல்லாது என்றது. அந்த 12 ஆண்டுகளில் விவசாயிகள் இழந்த சந்தை இழந்ததுதான். அமுக்கராவுக்கும் 2023ல் டென்மார்க் தடை விதித்துள்ளது.

அறுவடையில் கவனியுங்கள்

விதைத்த 150 முதல் 180 நாட்களில் இலைகள் காயும், பழங்கள் செம்மஞ்சளாகும். அப்போது செடியை வேரோடு பிடுங்கி, தண்டை வேரின் கழுத்தை ஒட்டி வெட்டி நீக்குங்கள். வேரைக் கழுவி, 7 முதல் 10 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, நன்கு உலர்த்துங்கள். நல்ல வேர் முறித்தால் சடக்கென உடையும். உள்ளே வெண்மையாக இருக்கும். இலையையும் தண்டையும் களத்திலேயே பிரித்து மக்குக் குழியில் போடுங்கள். இலைக்கும் விலை தருகிறேன் என்று வருபவரிடம், அது எதற்குப் போகிறது என்று கேளுங்கள். விரிவாக்கப் பணியாளர்கள் கொள்முதல் ஒப்பந்தத்தில் 'வேர் மட்டும்' என்று எழுதச் சொல்லுங்கள்.

நீங்களே சாப்பிடுவதானால்

வீட்டில் விளைந்ததுதானே என்று அளவில்லாமல் சாப்பிட வேண்டாம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கம் ஆகியவற்றுக்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. கண் மஞ்சளானாலோ, சிறுநீர் அடர்நிறமானாலோ, உடம்பு அரித்தாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மழை பொய்த்தாலும் கடன் நெருக்கினாலும் தூக்கம் கெடுவது இயல்பு. அது வாரக்கணக்கில் நீடித்தால் பொடியை மட்டும் நம்பியிருக்காதீர்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம், இரவிலும் எடுப்பார்கள்.