மோசடி மின்னஞ்சலை வாசலிலேயே மறுப்பது எப்படி?

திருவனந்தபுரம்: 1990-இல் டெக்னோபார்க் தொடங்கப்பட்ட இந்நகரில், எண்ணற்ற அலுவலகங்களின் அன்றாடப் பணி மின்னஞ்சலை நம்பியே நடைபெறுகிறது. மோசடி அஞ்சல்கள் தொடர்ந்து வரும் டொமைனைச் சர்வரிலேயே தடுக்க இயலும்.

போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருளில், அனுப்புநர் தடைப்பட்டியலில் அந்த டொமைனையும் 'ரிஜெக்ட்' என்ற கட்டளையையும் எழுதி, பட்டியலைச் சர்வர் அமைப்புடன் இணைக்க வேண்டும். அதன்பின், அஞ்சலின் உள்ளடக்கத்தைப் பெறும் முன்பே 554 என்ற மறுப்புக் குறியீட்டைச் சர்வர் அனுப்பிவிடும். இதனால், தவறுதலாகத் தடுக்கப்பட்ட உண்மையான அனுப்புநருக்கும் அஞ்சல் சேரவில்லை என்ற தகவல் கிடைக்கும். ஓசையின்றி அழித்தால் அவர் அதை அறிய வழியில்லை.

எனினும், அனுப்புநர் முகவரியைப் போலியாக எழுதுவது எளிது. ஜிமெயில் போன்ற பொது டொமைனை முழுவதுமாகத் தடுத்தால், மருத்துவமனைக்கு நோயாளி எழுதும் அஞ்சலும் திரும்பிவிடும். ஆகவே, எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய சரிபார்ப்புகளுடன் சேர்த்தே இத்தடையைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது.