வீட்டுக் கார் பந்தயத்துக்குப் போன கதை

கல்யாணப் பட்டு எடுக்கச் சென்னையிலிருந்து காஞ்சீபுரம் பிள்ளையார்பாளையத்துக்குக் காரில் போகிறவர்கள், ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் இருங்காட்டுக்கோட்டையைக் கடந்துதான் போகவேண்டும். "உடலுக்கு அரக்கா, கரைக்கு அரக்கா?" என்ற சர்ச்சை முடிவதற்குள் அந்த ஊர் பின்னால் போய்விடும். ஆனால் மோட்டார்ப் பந்தய அபிமானிகளுக்கோ அது ஒரு க்ஷேத்திரம்! 1990ல் அங்கே பந்தயப் பாதை திறந்தார்கள். அதற்கு முன்பெல்லாம் சென்னைக்கு வடக்கே, சோழவரத்தில் யுத்த காலத்து விமானத் தளத்தில்தான் பந்தயம். ஃபியட்டும் ஹெரால்டும் அங்கே சீறிப் பாய்ந்தன.

"குடும்பத்துக்கு வாங்கிய காரைப் பந்தயத்தில் விடுவதாவது!" என்கிறீர்களா? ஆஸ்திரேலியர்கள் அதையே ஒரு தேசியத் திருவிழாவாக்கிவிட்டார்கள். அங்கே பாதர்ஸ்ட் என்ற ஊரின் மலைப் பாதையில் 1963 முதல் பெரிய பந்தயம் ஒன்று நடந்து வருகிறது. கடையில் யாரும் வாங்கக்கூடிய காராக இருக்கவேண்டும் என்பது ஆதி நிபந்தனை. ஆகவே ஃபோர்டும் ஹோல்டனும் போட்டி போட்டுக்கொண்டு, வீட்டுக் கார்களுக்குள் ராட்சச யந்திரங்களைப் பொருத்தின. 1971ல் ஜெயித்த ஃபால்கன் காரில் 5.8 லிட்டர் யந்திரம்! பார்த்தால் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவரும் சாது, முடுக்கினால் புலி. இப்படிப்பட்ட வேகம் தெருவுக்கு ஆகாது என்று 1972ல் பத்திரிகைகளில் கூக்குரல் எழுந்தது. அடுத்து வரவிருந்த ரகத்தைக் கம்பெனி கைவிட்டது.

2016ல் ஃபோர்டும் 2017ல் ஹோல்டனும் அங்கே கார் தயாரிப்பதையே நிறுத்திவிட்டன. அபிமானம் மட்டும் நிற்கவில்லை. 1979ல் வந்த 'மாட் மாக்ஸ்' படத்தில் ஓடிய கறுப்பு ஃபால்கன், கடல் கடந்தும் ரசிகர்களைச் சேர்த்தது. அந்தக் கார் முதலில் இங்கிலாந்திலும், பிறகு அமெரிக்காவிலும் காட்சிப் பொருளாயிற்று.

நம்மிடம் அவ்வளவு பெரிய யந்திரத்துக்கு எங்கே போவது? கோயமுத்தூர் கரிவரதன் வேறு வழி கண்டார். நூற்பாலைக் குடும்பத்தில் பிறந்தவர், பந்தயக்காரர். நம் தெருவில் ஓடிய மாருதி 800 காரின் 796 சி.சி. யந்திரத்தை எடுத்து, ஒருவர் மட்டும் உட்காரும் பந்தயக் காரைச் செய்தார். அந்த ஃபால்கனின் யந்திரத்தோடு ஒப்பிட்டால் ஏழில் ஒரு பங்குகூட இல்லை! ஆனால் சீமைக் கார் வாங்க வசதியில்லாத பிள்ளைகளும் அதில் உட்கார்ந்து வித்தை பழக முடிந்தது. நாற்பது வயதைச் சற்றே கடந்த நிலையில், 1995ல் சிறு விமான விபத்தில் அவர் காலமானார்.

அவருடைய மாருதிப் பந்தயத்தில் அடி எடுத்து வைத்தவர்களில் ஒருவர் அதே கோயமுத்தூர்ப் பிள்ளை நரேன் கார்த்திகேயன். ஸ்ரீபெரும்புதூர்ப் பாதையில் ஓட்டிய முதல் பந்தயத்திலேயே முதல் மூவரில் ஒருவராக வந்தவர். 2005 மார்ச்சில், உலகின் தலைசிறந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. அன்று பதினைந்தாவதாக வந்தார். பார்த்துப் பூரிக்கக் கரிவரதன்தான் இல்லை.

பந்தயம் நடந்த ஊர் எது தெரியுமோ? ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன்!