வயசான நாய்க்கு டானிக் அவசியமா?

உங்கள் வீட்டு மணிக்கு 10 வயசு ஆகிவிட்டது. வாசல்படி ஏறத் தயங்குகிறது. மனசு கேட்குமா? கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் போய் விசாரிக்கிறீர்கள். 'சீனியர்' என்று எழுதிய உணவுப் பை, மூட்டுக்கு மாத்திரை, ஈரலுக்கு டானிக், முடிக்கு ஒரு எண்ணெய்... பில்லைப் பார்த்ததும் உங்களுக்கே டானிக் தேவைப்படுகிறது!

கொஞ்சம் பொறுங்கள். இதில் எது அவசியம், எது வீண் செலவு என்று பார்த்துவிடலாம்.

முதலில் அந்தப் பை. குட்டிக்கு இவ்வளவு சத்து, வளர்ந்த நாய்க்கு இவ்வளவு என்று நிபுணர்கள் அளவு வகுத்திருக்கிறார்கள். வயசான நாய்க்கென்று அப்படித் தனி அளவு கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் கணக்குப்படி கலந்து 'சீனியர்' என்று அச்சடிக்கிறது. பழைய உணவே ஒத்துக்கொண்டு, நோய் எதுவும் இல்லையென்றால், வயசை மட்டும் காரணம் காட்டி மாற்ற வேண்டியதில்லை. 'வயசாயிடுச்சு, முட்டை கறியெல்லாம் வேண்டாம்' என்று நிறுத்துவதும் தப்பு. புரதம் குறைந்தால் சதை வற்றி, கால் இன்னும் தளரும்.

படி ஏறத் தயங்குகிறதா? மாத்திரைக்கு முன்னால் எடையைப் பாருங்கள். விலா எலும்பு மேல் உள்ளங்கையால் தடவுங்கள். எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும். தேடிப் பார்க்க வேண்டியிருந்தால் மணி குண்டு! நாய் உணவு கம்பெனி ஒன்றே நடத்தி, 2002ல் வெளிவந்த ஆய்வு இது: 48 லாப்ரடார் நாய்களை ஜோடி சேர்த்து, ஜோடியில் ஒன்றுக்கு மட்டும் 25 சதவிகிதம் உணவைக் குறைத்தார்கள். குறைத்துச் சாப்பிட்டவை கிட்டத்தட்ட 2 வருஷம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு வலியும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. இந்த வைத்தியத்துக்குச் செலவு இல்லை, மிச்சம்தான். நீங்கள் டீ குடிக்கும்போது ஆளுக்கு ரெண்டு பிஸ்கட் போடுகிறீர்களே, அங்கிருந்து ஆரம்பியுங்கள். சாப்பாட்டை ஒரே டம்ளரால் அளந்து வையுங்கள். மாசம் ஒரு தடவை மணியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் நின்று, உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

மூட்டுக்கு என்று விற்கும் குளுக்கோசமைன் மாத்திரை? நிறைய ஆய்வுகளைத் தொகுத்து 2022ல் பார்த்தபோது, அதனால் சொல்லும்படியான பலன் தெரியவில்லை. மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3க்குத்தான் பலன் இருந்தது. மத்தி மீன் கிடைத்தால் உப்பு, மசாலா போடாமல் வேகவைத்து, முள் நீக்கி வாரம் ஓரிரு நாள் கொடுக்கலாம். எண்ணெயாகக் கொடுப்பதென்றால் அளவை டாக்டரிடம் கேளுங்கள். 'காட் லிவர் ஆயில்' வேறு சரக்கு. அதில் வைட்டமின் ஏ அதிகம்.

கால்சியமும் அப்படித்தான். நல்ல பை உணவு சாப்பிடும் நாய்க்கு அது உள்ளேயே இருக்கிறது. வெறும் சோறும் கறியும் சாப்பிடும் நாய்க்குத்தான் பற்றாக்குறை வரும். முட்டை ஓட்டைக் கழுவி, காயவைத்து, மிக்ஸியில் மாவாகப் பொடித்தால் அரை டீஸ்பூனில் சுமார் 1 கிராம் கால்சியம் இருக்கும். உங்கள் நாயின் எடைக்கு எவ்வளவு என்பதை மட்டும் டாக்டர் சொல்லட்டும்.

சரி, மிச்சம் பிடித்த பணத்தை எதில் போடுவது? ரத்தப் பரிசோதனையில்! தண்ணீர் அதிகம் குடிக்கிறது, அடிக்கடி சிறுநீர் போகிறது, இளைக்கிறது என்றால் சிறுநீரகத்தைச் சந்தேகப்பட வேண்டும். யூரியா, கிரியாட்டினின், சிறுநீர் அடர்த்தி மூன்றும் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். சிறுநீரகக் கோளாறு உறுதியானால், இங்கேதான் தனி உணவு உண்மையிலேயே ஆயுளை நீட்டுகிறது, கஞ்சத்தனம் கூடாது. அந்த உணவு கட்டுப்படியாகவில்லை என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். பாஸ்பரஸ் குறைவாக, முட்டை வெள்ளைக்கரு, சோறு வைத்து வீட்டிலேயே சமைக்க அளவு எழுதி வாங்கலாம். ஒரு வேடிக்கை: கல்வராயன் மலையிலிருந்து வரும் சாமை நமக்கு நல்லது, நல்ல சிறுநீரகம் உள்ள மணிக்கும் குழைய வேகவைத்துக் கொடுக்கலாம். ஆனால் சிறுநீரக நோய் வந்த நாய்க்கு, நாம் மட்டம் என்று சொல்லும் தீட்டிய வெள்ளை அரிசிதான் தேவலை. சாமையில் பாஸ்பரஸ் அதைவிட அதிகம்.

பூனை வளர்ப்பவர்களே, உங்களுக்கு இந்தச் சிக்கனம் பாதிதான் பொருந்தும். தயிர்சாதத்தில் பூனை தள்ளாது. டாரின் என்ற சத்து கறியிலும் மீனிலும்தான் இருக்கிறது. அது குறைந்தால் கண் பார்வை போகும், இதயம் கெடும். விலை குறைவு என்று நாய் உணவை நிரந்தரமாகப் போடாதீர்கள்.

சிக்கனம் என்ற பெயரில் செய்யவே கூடாத ஒன்று, நம் வலி மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுப்பது. பாரசிட்டமால் ஒரு துண்டே பூனையைக் கொல்லும். ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தைக் கெடுக்கும். மிச்ச சாம்பார் சோறும் வேண்டாம். வெங்காயம் நாய், பூனை ரெண்டின் ரத்த அணுக்களையும் சிதைக்கிறது.

முதலில் ஊரிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். மேல் பரிசோதனை வேண்டுமென்றால், சின்னசேலம் தாண்டி ஆத்தூர் போகும் வழியில், தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. போகும்போது காலை முதல் சிறுநீரை ஒரு சுத்தமான பாட்டிலில் பிடித்துக்கொண்டு, ஒரு வாரம் மணி என்னென்ன சாப்பிட்டது என்று எழுதிக்கொண்டு போங்கள். பிஸ்கட்டை மறைக்காதீர்கள்!