தேனீ, குளவிக் கொட்டும் ஒவ்வாமையும்

நிலம் அளப்போரும் காட்டில் கணக்கெடுப்போரும் தேனீ, குளவி ஆகியவற்றின் கொட்டுக்குத் தப்புவது அரிது. கொட்டுவாய் சிவந்து, வீங்கி, எரிதல் நஞ்சின் இயல்பான விளைவே, விரைவில் தணிந்துவிடும். சிலருக்கு வீக்கம் முழங்கைவரை பரவி, இரண்டாம் நாள் உச்சமடைந்து, ஒரு வாரம்கூட நீடிக்கும். காண்பதற்கு அச்சம் தரினும், வாயிலோ தொண்டையிலோ நேர்ந்தாலன்றி, இவ்வீக்கத்தால் உயிருக்கு ஆபத்து இல்லை எனலாம்.

அஞ்சத்தக்கது வேறொன்று. கொட்டு கையில், ஆனால் உடலெங்கும் தடிப்பு, உதட்டிலும் நாவிலும் வீக்கம், குரல் கம்முதல், மூச்சிரைப்பு, வாந்தி, மயக்கம். இவ்வாறு கொட்டுவாய்க்குத் தொடர்பற்ற உறுப்புகளில் குறிகள் தோன்றுவதே கடும் ஒவ்வாமையின் அடையாளம். பெரும்பாலும் அரை மணி நேரத்திற்குள் இவை வெளிப்படும். தடிப்பே இன்றி மயக்கம் வருவதும் உண்டு. ஆகவே தோலை மட்டும் நோக்கி முடிவு செய்தல் தவறு.

முன்னர்க் கொட்டுப்பட்டபோது உடல் அந்நஞ்சுக்கு எதிராக ஒருவகை எதிர்ப்பொருளை ஆக்கி வைத்துக்கொள்கிறது. மறுமுறை நஞ்சு புகுந்ததும் ஹிஸ்டமின் முதலிய பொருள்கள் ஒருங்கே வெளிப்பட்டு, இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்த அழுத்தம் வீழ்கிறது. மூச்சுக் குழல்கள் சுருங்குகின்றன. "சென்ற முறை ஒன்றும் ஆகவில்லையே" என்னும் ஆறுதல் இங்குச் செல்லாது. பிரெஞ்சு அறிஞர்களான ரிஷேயும் போர்ட்டியரும் 1902-இல் கண்டதும் இதுவே. கடலுயிர் ஒன்றின் நஞ்சை முதல் முறை தாங்கிய நாய், சில வாரங்கள் கழித்துச் சிறிதளவு செலுத்தியதுமே மாண்டது. ரிஷே 1913-இல் நோபல் பரிசு பெற்றார்.

தேனீ தன் கொடுக்கை நஞ்சுப்பையோடு தோலில் விட்டுச் செல்லும். அதைச் சுரண்டுவதா பிடுங்குவதா என்னும் வாதம் வீண், விரைவே முக்கியம். சுண்ணாம்பு தடவுதல் ஒவ்வாமையைத் தடுக்காது.

மேற்கூறிய குறிகள் தோன்றின் உயிர்காக்கும் மருந்து அட்ரினலின். பெரியவர்க்கு அரை மில்லிகிராம், தொடையின் வெளிப்புறத் தசையில், பயிற்சி பெற்றவரால் செலுத்தப்பட வேண்டும். குணம் காணாவிடின் 5 நிமிடங்களில் மீண்டும் செலுத்தலாம். ஒவ்வாமை மாத்திரை இதற்கு ஈடாகாது. ஆதலால் ஆசிரியர் மாத்திரை ஒன்றைக் கொடுத்துவிட்டுக் காத்திராமல், 112-ஐ அழைத்து உடனே மருத்துவ உதவி தேடவேண்டும். நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துக. மூச்சு முட்டினால் உட்காரவைக்கலாம். நடக்க விடுதல் கூடாது. திடீரென எழுந்த நிலையில் உயிர் பிரிந்த நேர்வுகள் உண்டு. தேறிய பின்னும் சில மணி நேரம் மருத்துவமனையில் இருத்தல் நலம், குறிகள் மீளக்கூடும்.

மலைத்தேனீக் கூட்டம் தாக்கினால் ஒவ்வாமை இல்லாதவரும் தப்பார். நஞ்சின் அளவே சிறுநீரகத்தைப் பழுதாக்கும். சிறுநீர் கறுத்தல் அதற்குரிய எச்சரிக்கை.

ஒருமுறை கடும் ஒவ்வாமை கண்டவரை ஒவ்வாமை மருத்துவரிடம் அனுப்புக. நஞ்சையே நுண்ணளவில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டி, 3 முதல் 5 ஆண்டுகள் ஊசி வழியே செலுத்தும் சிகிச்சை பெரும்பாலோர்க்குப் பயன் தருகிறது.