மலைக்கென்று ஒரு காலண்டர்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்ப்பவருக்குக் கையில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். ஆவடியில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு மே மாதம். பூந்தமல்லியிலிருந்து ஐடி வளாகங்களுக்குப் போய்வரும் இளைஞர்களுக்கு, சனி ஞாயிறோடு ஒட்டிவரும் பண்டிகை விடுமுறை. மலையேற்றத்துக்கு நாள் குறிப்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. முதலில் லீவு பார்க்கிறார்கள், பிறகு வண்டி பேசுகிறார்கள். அந்த நாளில் மலை எப்படி இருக்கும் என்ற கேள்வி கடைசியில் வருகிறது; சில நேரம் வருவதே இல்லை. முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

மேற்குப் புறநகர்க்காரர்களுக்கு மலை ஒன்றும் தூரமில்லை. ஆவடியில் மின்சார ரயில் ஏறித் திருவள்ளூரில் இறங்கினால் பூண்டிக்கு பஸ் உண்டு. அதற்கு அப்பால் அல்லிக்குழி மலைத்தொடரும் குடியம் குகைகளும். ஊத்துக்கோட்டையைத் தாண்டினால் ஆந்திரப் பக்கத்து நாகலாபுரம் மலை. செங்குன்றம் போய் வடக்கே நெடுஞ்சாலையைப் பிடித்தால் தடாவை அடுத்த உப்பலமடுகு அருவி. பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் சாலையில் நேராகப் போனால் ஜவ்வாது மலையும் ஏலகிரியும். விடியலில் கிளம்பி இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம் என்பதாலேயே இந்த மலைகளைக் குறைத்து எடைபோடும் பழக்கமும் இருக்கிறது.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. மகளிர் தினத்தை ஒட்டிய வார இறுதி. தேனி மாவட்டம் குரங்கணியில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த இரண்டு குழுக்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. ஒரு குழு சென்னையிலிருந்து போனது. இன்னொன்று ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து. விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன, கமாண்டோக்கள் வந்தார்கள், போடி மக்களும் குரங்கணி மக்களும் இரவெல்லாம் மலையேறினார்கள். அப்படியும் சம்பவ இடத்திலும் பிறகு மருத்துவமனைகளிலுமாக 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இளைஞர்கள். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள், புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள், திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் இருக்கவேண்டியவர்கள்.

அந்த ஞாயிறு விடுமுறைக் காலண்டருக்குப் பொருத்தமான நாள்தான். மலையின் காலண்டரில் அது வேறு பருவம். வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் ஓயத் தொடங்குகிறது. அந்த ஈரத்தில் ஆளுயரம் வளர்ந்த புல், ஜனவரிப் பனியிலும் பிப்ரவரிக் காற்றிலும் உலர்ந்து, மார்ச்சில் ஒரு பொறிக்குக் காத்திருக்கும். பகல் ஏற ஏற காற்று பள்ளத்திலிருந்து மேட்டை நோக்கி வீசும். தீயும் அதே திசையில்தான் ஏறும். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்புப் பயிற்சியில் சொல்லித்தரும் கணக்கு. அதே சரிவில் மனிதனின் வேகமோ பாதியாகிவிடும். புல்வெளியில் தீக்கு முன்னால் மேட்டை நோக்கி ஓடுவது பிழைக்கும் வழி இல்லை என்பதற்கு இதுவே காரணம்.

அந்தத் துயரத்துக்குப் பிறகு அரசு விசாரணை நடத்தியது; அதே ஆண்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகளும் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் திறக்கப்பட்டன. ஆன்லைனில் பதிவு செய்துகொண்டு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு போகலாம். ஆனால் திட்டம் தொடங்கி நான்கு மாதம் ஆவதற்குள், 2025 பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை, தீக்காலம் என்று சொல்லிப் பாதைகளை மூடினார்கள். வருமானம் வரும் திட்டத்தை இரண்டு மாதம் நிறுத்தி வைத்தது நல்ல முடிவு. அந்த இரண்டு மாதத்தைத் தனியாகப் போகிறவர்களும் தங்கள் காலண்டரில் அடித்துவிடலாம்.

அந்த 40 பாதைகளில் ஒன்று திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கிறது என்பது ஆவடியில்கூடப் பலருக்குத் தெரியாது. அதுதான் குடியம் குகைகள். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த பிறகு, அதே ஆண்டில் கொசஸ்தலை ஆற்றங்கரையில் அத்திரம்பாக்கத்துக்கு வந்தார். அங்கே கிடைத்த கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் அறிவித்தார்கள். அந்த ஆற்றுப்படுகையை ஒட்டிய குன்றுகளில், கூழாங்கற்கள் இறுகிப் பாறையான இடத்தில், பெரிய கூரைபோல் துருத்தி நிற்கின்றன குடியம் குகைகள். வழி முழுக்கப் புதர்க்காடு, நிழல் குறைவு. மே மாதத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் அந்தப் பாறையும் மண்ணும் திருப்பியடிக்கும் வெக்கையில் அரை வழியிலேயே தண்ணீர் தீர்ந்துவிடும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை போனால் புதர் பச்சையாக இருக்கும், காலையில் பனி இருக்கும், பாறையில் கைவைத்து நின்று பார்க்கப் பொறுமையும் இருக்கும்.

அடுத்தது தண்ணீர். சென்னைக்கு ஆண்டில் கிடைக்கும் சுமார் 140 செ.மீ. மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அதுவும் அளந்து பெய்வதில்லை. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கிய மழையில் 24 மணி நேரத்துக்குள் செம்பரம்பாக்கத்தில் மட்டும் 47 செ.மீ. பதிவானதைப் பூந்தமல்லிக்காரர்கள் மறக்கமாட்டார்கள். அப்படிப்பட்ட மழையில் ஒரு பங்கு நாகலாபுரம் மலையில் விழுந்தாலும் போதும். அந்தத் தண்ணீர் பரந்து ஓட அங்கே இடமில்லை. குறுகிய பாறை இடுக்குகள் வழியாக மொத்தமும் ஒரே ஓடையில் இறங்கும். நாகலாபுரம், தடா இரண்டு இடங்களிலும் பாதை என்பதே பெரும்பாலும் ஓடைதான். ஒரே ஓடையைப் பலமுறை குறுக்கே கடந்துதான் மேலே போகவேண்டும். ஏறும்போது முழங்கால் அளவு இருந்த தண்ணீர் இறங்கும்போது கழுத்தளவு இருக்கலாம். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே அது நடக்கலாம், ஏனென்றால் மழை பெய்தது மேலே. தெளிந்த ஓடை திடீரென்று செம்மண் நிறமாவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது, இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் கடக்க முயலாமல், நிற்கிற கரையிலேயே மேடேறிக் காத்திருக்கவேண்டும். காட்டு ஓடை எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ, மழை விட்டபின் அவ்வளவு வேகமாக வடியவும் செய்யும்.

சின்னக் குன்று, பழகிய மலை என்ற நம்பிக்கையும் மழைக்காலத்தில் உதவாது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவு இடிந்து ஒரு வீட்டின் மேல் விழுந்ததில் குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் கார்த்திகை தீபம். மண் நெகிழ்ந்திருக்கிறது என்று வல்லுநர்கள் ஆய்ந்து சொன்னதால், அந்த ஆண்டு தீபத்தன்று பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. கொப்பரையையும் நெய்யையும் கொண்டுபோகிறவர்கள் மட்டும் ஏறினார்கள். தீபத்துக்கே மலை மூடப்பட்டதென்றால், புயலுக்கு அடுத்த வார இறுதியில் உல்லாசப் பயணத்தைத் தள்ளிவைப்பதில் குறை ஒன்றும் இல்லை.

ஆக, சென்னைக்கு வடமேற்கே உள்ள மலைகளுக்கும் ஜவ்வாது, ஏலகிரிக்கும் நல்ல காலம் டிசம்பர் பின்பாதியிலிருந்து பிப்ரவரி நடு வரை. சுனைகளில் தண்ணீர் நிற்கும், புல் இன்னும் காய்ந்திருக்காது, பகல் வெயில் தாங்கும். பொங்கல் விடுமுறை இதற்குள் வருவது நம் அதிர்ஷ்டம். இதிலும் ஆண்டுக்கு ஆண்டு ஒரு திருத்தம் தேவைப்படும். 2021-இல் மழை ஜனவரி நடுவரை நீண்டு, பொங்கல் நேரத்தில் தாமிரபரணியில் வெள்ளம் போனது. அப்படிப்பட்ட ஆண்டில் மலையேற்றத்தை இரண்டு வாரம் தள்ளிவைக்கவேண்டும்.

ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை வேறொரு கதை. பகலெல்லாம் சுட்டெரித்துவிட்டு, மாலையில் மேற்கே கருத்து, இரவில் இடியோடு கொட்டும் மழையை நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு முன்பே ஆவடியும் அம்பத்தூரும் பார்த்துவிடும். சித்தூர், வேலூர், திருத்தணிப் பக்கம் திரளும் மேகங்கள் கிழக்கே நகர்ந்து வருவதால் அப்படி. வீட்டு மொட்டைமாடியில் குளிர்ச்சி தரும் அந்த மேகம் திரள்கிற இடமே நாம் ஏற நினைக்கும் மலைகள்தான். இந்த மாதங்களில் போகிறவர்கள் விடியலில் ஏறி மதியத்துக்குள் அடிவாரம் வந்துவிடவேண்டும். இடி கேட்டால் உச்சிப்பாறையையும் தனி மரத்தையும் விட்டு விலகவேண்டும். மின்னலை முன்கூட்டிச் சொல்ல, புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ செயலி இருக்கிறது.

அதே மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையின் வால்பாறை, நீலகிரியின் மேற்குச் சரிவு எல்லாம் தென்மேற்குப் பருவமழையில் நனைந்துகொண்டிருக்கும். வழுக்கும், அட்டை ஏறும். கோடை மழையையும் லேசாக நினைக்கக்கூடாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் சில நிமிடங்களுக்குள் பெருகிவந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச்சென்றது. சீசன் அப்போது தொடங்கியிருக்கவே இல்லை.

பிள்ளைகளின் விடுமுறை மே மாதத்தில்தான் என்றால் என்ன செய்வது? உயரத்தை நாடவேண்டும். ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். ஏலகிரி 1,100 மீட்டர் உயரம். சமவெளியைவிட ஏழு டிகிரி குறைவு என்று கொள்ளலாம், ஆனால் கத்திரி வெயிலில் திருத்தணியும் வேலூரும் 42, 43 டிகிரி தொடும்போது அந்த ஏழு டிகிரி போதாது. 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவை ஒட்டிய நீலகிரிச் சோலைப் பாதைகளில் மே மாதக் காலை இதமாக இருக்கும். அதே நீலகிரியில் டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் பள்ளங்களில் உறைபனி கொட்டும். மெல்லிய ஸ்வெட்டரோடு கூடாரத்தில் தங்கக்கூடாது. கோவை வெள்ளியங்கிரிக்குப் பிப்ரவரி முதல் மே வரைதான் அனுமதி. பக்தர்கள் வெயிலுக்கு அஞ்சி இரவில் ஏறுகிறார்கள், ஏழாவது மலையில் குளிர்காற்று வெடவெடக்க வைக்கும். 2024-இலும் 2025-இலும் அங்கே ஏறும்போது பலர் மூச்சுத்திணறியும் நெஞ்சுவலியிலும் இறந்தார்கள். பருவம் சரியாக இருந்தும் உடம்பு தயாராக இல்லாததே பல நேரங்களில் காரணம். நாற்பதைத் தாண்டியவர்கள் முன்கூட்டி மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

இமயமலைக்குப் போகும் சென்னை இளைஞர்கள் இப்போது அதிகம். அங்கும் மாதத்தின் பெயர் மட்டும் போதாது. அக்டோபர்தான் நேபாளத்துக்கு ஏற்ற மாதம் என்று எல்லாரும் சொல்வார்கள், உண்மையும்கூட. ஆனால் நம் வங்கக் கடலில் உருவான ஹுட்ஹுட் புயல் 2014 அக்டோபர் 12-ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் கரையேறியது. அதன் எச்சம் வடக்கே நகர்ந்து, இரண்டே நாளில் அன்னபூர்ணா பகுதியில் பெரும் பனிப்புயலாக இறங்கி, மலையேறிகளும் வழிகாட்டிகளும் உட்பட 40 பேருக்கு மேல் உயிரிழக்கக் காரணமானது. 2024 ஜூன் தொடக்கத்தில் உத்தராகண்டின் சஹஸ்த்ரதால் பாதையில் திடீரென்று மாறிய வானிலையில் கர்நாடகக் குழுவைச் சேர்ந்த ஒன்பது பேர் இறந்தார்கள். அதே மாநிலத்தின் பூக்களின் பள்ளத்தாக்கு ஜூன் முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும். பூக்கள் நிறைவது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. அதுவே மழைக்காலமும்கூட. ஜோஷிமட் சாலையில் மண் சரிந்து இரண்டு நாள் நிற்கவேண்டி வரலாம் என்று லீவைக் கூட்டி எடுத்துக்கொண்டுதான் போகவேண்டும்.

நாகலாபுரத்துக்கும் தடாவுக்கும் போகிறவர்கள் செய்யும் ஒரு பொதுத் தவறு, சென்னை வானிலையைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது. அந்த மலைகள் 2022 முதல் ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்தில் இருக்கின்றன. பார்க்கவேண்டியது திருப்பதி மாவட்டத்துக்கான வானிலைத் துறை எச்சரிக்கை; மஞ்சள் என்றால் ஓடைப் பாதையை விட்டுவிடலாம், ஆரஞ்சு என்றால் பயணத்தையே விட்டுவிடலாம். செம்மரக் காடுகள் என்பதால் அங்கே வனத்துறை அனுமதி உண்டா என்பதையும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளவேண்டும். வாட்ஸ்அப் குழுவில் தேதி போடும்போதே அடுத்த ஞாயிறையும் மாற்று நாளாகச் சேர்த்துப் போட்டுவிட்டால், சனிக்கிழமை இரவு எச்சரிக்கை வந்தாலும் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்; வண்டிக்காரரிடமும் அப்படியே பேசிவைத்துக்கொள்ளலாம்.