கடும் உடல் பருமன்: கத்தியா, ஊசியா?

கடும் உடல் பருமனைக் கணிக்க மருத்துவர்கள் முதலில் பார்ப்பது உடல் நிறைக் குறியீட்டெண். 160 செ.மீ. உயரமுள்ளவர் 90 கிலோ இருந்தால் அது 35. பருமன் அறுவை மருத்துவர்களின் பன்னாட்டு அமைப்புகள் 2022-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, வேறு நோய் இல்லாவிட்டாலும் 35-ஐத் தொட்டவருக்கு அறுவையைப் பரிந்துரைக்கலாம். ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வந்துவிடுவதால், அவர்களுக்கு 27.5-லிருந்தே யோசிக்கலாம்.

உணவுக் கட்டுப்பாடும் நடையும் பெரும்பாலோருக்கு 5 முதல் 10 சதவீதம் எடையைக் குறைக்கும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இறங்க அதுவே உதவும். ஆனால் எடை குறையக் குறைய உடல் பசியைக் கூட்டிக்கொள்கிறது; இழந்தது திரும்புவதற்கு மனஉறுதிக் குறைவைப் பழிப்பது நியாயமில்லை. 2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்த டிர்செபடைடு, செமாகுளுடைடு வார ஊசிகள் ஆய்வுகளில் 15 முதல் 20 சதவீதம் வரை குறைத்தன. செமாகுளுடைடை நிறுத்தியவர்களுக்கு, இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் திரும்பியது. ஆகவே மாதச் செலவை ஆண்டுக்கணக்கில் தாங்க முடியுமா என்று பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

‘ஸ்லீவ்’ அறுவையில் இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுவார்கள். பசியைத் தூண்டும் ஹார்மோன் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடும். ‘பைபாஸ்’ அறுவையில் உணவு குடலின் ஒரு பகுதியைத் தாண்டிச் செல்லும். எடை 25 முதல் 30 சதவீதம் குறையும். பலர் சர்க்கரை மாத்திரையையே விடுகிறார்கள். சுவீடனில் 1987-இல் தொடங்கிய நீண்ட ஆய்வில், அறுவை செய்துகொண்டோரிடையே இறப்பு குறைவாக இருந்தது. ஆபத்து அரிது, ஆனால் மெய்யானது: தையல் கசிவு, ரத்தப்போக்கு, ரத்தக்கட்டு. 2024 ஏப்ரலில் இத்தகைய அறுவைக்காகச் சென்னை வந்த இளைஞர் ஒருவர் உயிரிழந்தார்.

அறுவைக்குப் பிறகு பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகளும் ரத்தப் பரிசோதனையும் வாழ்நாள் முழுதும் வேண்டும். கேழ்வரகுக் களிக்குப் பழகிய தருமபுரி மாவட்டத்தாரின் தட்டு மாறியாக வேண்டியதும் அப்போதுதான். 2023 முதல் இம்மாவட்ட ரேஷன் கடைகளிலும் கிடைக்கும் கேழ்வரகில் கால்சியம் நிறைய உண்டு. ஆனால் சுருங்கிய வயிறு முழுக் களி உருண்டையைக் கொள்ளாது. முட்டை, பருப்பு, மீன், தயிர் முதலில். களி பிறகு, இரண்டு வாய். மாத்திரைக்குக் கேழ்வரகு ஈடாகாது. பெண்கள் குறைந்தது 12 முதல் 18 மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். ரத்தசோகை உள்ளவர்கள் அதை முன்பே சரிசெய்துகொள்ள வேண்டும்.

குறியீட்டெண் 40-ஐத் தாண்டி, சர்க்கரையும் கட்டுக்கடங்காமல் இருப்பவர் அறுவையை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவது நல்லதல்ல. மற்றவர்கள் ஊசியும் உணவு மாற்றமும் கொண்டு தொடங்கலாம். தருமபுரி மாவட்டத்தாருக்கு அறுவை சேலத்திலோ பெங்களூரிலோ நடக்கலாம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன், ஐந்தாம் ஆண்டில் ரத்தப் பரிசோதனையை யார், எங்கே பார்ப்பார் என்று பென்னாகரத்துக்காரரும் அரூர்க்காரரும் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.