உங்களுக்குத் தெரியுமா? ரயிலேறிய சர்க்கஸ், கப்பலேறிய யானை

அமெரிக்க சர்க்கஸ் முதலாளி பி. டி. பார்னம் 1850இல் 'ரெகாட்டா' என்ற கப்பலை இலங்கைக்கு அனுப்பியது யானை பிடிக்கத்தான். வந்தவர்களுக்கு விலைக்குப் போதிய யானை அகப்படவில்லை. உள்ளூர் ஆட்கள் 160 பேரைச் சேர்த்துக்கொண்டு காட்டில் இறங்கினார்கள். அந்த வேட்டையில் செத்த யானைகள் ஏராளம். 1851இல் நியூயோர்க்கில் கரையேறியவை பத்தே பத்து.

இதை யாரும் தடுக்கவில்லையா? தடுப்பதாவது! யானையைக் கொன்றால் ஆங்கிலேய அரசே பணம் கொடுத்த காலம் அது. 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேல் கொல்லப்பட்டதாக ஆங்கிலேய அதிகாரி எமர்சன் டெனன்ட் எழுதியிருக்கிறார்.

பத்தில் ஒன்றைப் பார்னம் பிறகு ஏர் உழ வைத்தார். பிரிட்ஜ்போர்ட் ஊரில், ரயில் பாதையை ஒட்டிய ஆறு ஏக்கர் நிலம். பாகனுக்குக் கீழைநாட்டு உடை. கையில் ரயில் நேர அட்டவணை. வண்டி வரும் நேரம் பார்த்து ஏர் பூட்டவேண்டும். பயணிகள் வாய்பிளக்க வேண்டும். அதே நிலத்தைக் குறைந்தது அறுபது தடவை உழுததாக அவரே எழுதினார். யானை உழவு கட்டுபடியாகுமா என்று விவசாயச் சங்கங்கள் கடிதம் போட்டன. வாங்கிவிடாதீர்கள், தன் விலையளவுக்குத் தின்றுவிடும் என்று இரகசியமாகப் பதில் அனுப்பினாராம். விளம்பரக்காரரிடம் இவ்வளவு நேர்மையே அதிகம்!

பார்னத்தின் சர்க்கஸ் ரயிலேறியது 1872இல். கூடாரக் கம்பம் தூக்கவும் வண்டி தள்ளவும் யானைதான். அதே கம்பெனியின் புகழ்பெற்ற ஜம்போ (இது ஆப்பிரிக்க யானை) 1885இல் கனடாவில் சரக்கு ரயில் மோதிச் செத்தது.

நம் பக்கம் திரும்பினால், இலங்கையின் மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல். இந்தியாவின் முதல் சர்க்கஸ் எனப்படும் விஷ்ணுபந்த் சத்ரேயின் 'கிரேட் இந்தியன் சர்க்கஸ்' தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

பார்னம் பெயரைச் சுமந்த ரிங்லிங் சர்க்கஸ் 2016 மே மாதம் யானைகளுக்கு ஓய்வு கொடுத்தது. அடுத்த ஆண்டே கூடாரத்தைச் சுருட்டியது. 2023இல் மீண்டும் வந்தபோது ஒரு விலங்கும் இல்லை.

சர்க்கஸில் யானை இல்லாவிட்டால் என்ன? மாத்தளைப் பக்கத்து ரிவர்ஸ்டன் மலைக்கு வருகிறவர்கள் பனிமூட்டத்தைப் படமெடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினால் வஸ்கமுவ தேசியப் பூங்கா. காட்டு யானையைக் காட்டிலேயே பார்க்கலாம். ஒரு நாள் ஒதுக்குங்கள்.